எழுத்துக்கு இடம் சொன்ன முனிவர்
நன்னூல் தந்த பவணந்தியாரின் கதை

கடைக்குப் போகிற பையனிடம் கொள்ளு வாங்கி வரச் சொன்னால், அவன் சீட்டில் 'கொல்லு' என்று எழுதிக்கொண்டு போகிறான். 'கறி' வேண்டும் என்று எழுத நினைத்தவர் 'கரி' என்று எழுதுகிறார். கடைக்காரர் அடுப்புக் கரியைக் கட்டிக் கொடுத்தால் அவர்மேல் என்ன குற்றம்? பள்ளிக்குப் போகிறேன் என்பதைப் 'பல்லிக்குப் போகிறேன்' என்று எழுதிய பிள்ளையைப் பார்த்து வீட்டார் சிரிக்கிறார்கள். சிரித்து முடிந்த பிறகு, அந்தப் பிள்ளைக்கு வேறுபாட்டை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

சிரிப்போடு போனால் சரி. மனுவிலும் பத்திரத்திலும் கடிதத்திலும் இப்படி எழுத்து மாறினால், பொருளே மாறிப்போகும். 'பணி' என்றால் வேலை. 'பனி' என்றால் குளிர். 'வழி' என்றால் பாதை. 'வலி' என்றால் நோவு. 'வளி' என்றால் காற்று. மூன்றுக்கும் இடையே உள்ள தூரம், நாக்கு அசைகிற தூரம்தான்!

அந்தச் சிறிய தூரத்தை அளந்து சொன்ன பெரியவர் ஒருவர் ஏறக்குறைய 800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தார். அவரைத் தன் மகன் என்று கொங்கு நாடு உரிமை கொண்டாடுகிறது. அவர்தான் பவணந்தி முனிவர். அவர் எழுதிய இலக்கணம் 'நன்னூல்'.

கொங்கு நாட்டுச் சமண முனிவர்

பவணந்தியார் சமணத் துறவி. 'நந்தி' என்று முடியும் பெயர் சமண முனிவர்களிடையே வழங்கிய பெயர். அவருடைய ஊர் சனகை என்று நன்னூலின் சிறப்புப் பாயிரம் கூறுகிறது. சனகாபுரம் என்பதும் அதுவே. சன்மதி முனிவர் என்ற பெரியவரின் அருள் பெற்றவர் அவர் என்றும் அப்பாயிரம் சொல்கிறது. சன்மதி முனிவரை அவருடைய தந்தை என்று கொள்வோர் உண்டு. ஆசிரியர் என்று கொள்வோரும் உண்டு.

அந்தச் சனகை எது? மைசூர்ப் பக்கத்தில் உள்ள ஊர் என்பார் சிலர். ஈரோடு மாவட்டத்தில் பெருந்துறைக்கு அருகில் உள்ள சீனாபுரமே அது என்பது கொங்கு நாட்டவர் கொள்கை. கார்மேகக் கவிஞர் பாடிய கொங்கு மண்டல சதகம் பவணந்தியாரைக் கொங்கு நாட்டுப் பெருமைகளில் ஒன்றாகப் போற்றுகிறது.

அன்னூரிலிருந்து கிழக்கே அவிநாசி வழியாகப் பெருந்துறைக்குப் போகிறவர்கள் விஜயமங்கலத்தைத் தாண்டிப் போவார்கள். அங்கே சந்திரப்பிரப தீர்த்தங்கரருக்கு எழுப்பிய பழைய சமணக் கோயில் இருக்கிறது. நெட்டைக் கோபுரக் கோயில் என்று ஊரார் அதை அழைப்பது வழக்கம். பெருங்கதை என்ற காவியத்தைப் பாடிய கொங்குவேளிர் அவ்வூரைச் சேர்ந்தவர் என்பார்கள். சீனாபுரத்திலும் ஆதிநாதர் கோயில் உண்டு. சமணமும் தமிழும் கைகோத்து வளர்ந்த பூமி அது.

சமணர்கள் தானத்தை நான்காகப் பிரித்தார்கள். பசித்தவனுக்கு உணவு, நோயாளிக்கு மருந்து, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம், அறியாதவனுக்குக் கல்வி. வயிற்றுக்குச் சோறு இடுவது எப்படிப் புண்ணியமோ, அப்படியே எழுத்துச் சொல்லிக் கொடுப்பதும் புண்ணியம். ஆசைகளைத் துறந்த முனிவர்கள் தமிழ் இலக்கணத்தைத் துறக்காமல் போனதற்குக் காரணம் இதுதான். அந்த வழியில் வந்தவர் பவணந்தியார்.

சிற்றரசன் வைத்த வேண்டுகோள்

அக்காலத்தில் சோழ நாட்டை ஆண்டவன் மூன்றாம் குலோத்துங்கன். 1178 முதல் 1218 வரை அவன் ஆட்சி நடந்தது. அவனுக்கு அடங்கிய சிற்றரசர்களில் ஒருவன் சீயகங்கன். கங்கர் மரபில் வந்தவன். 'அமராபரணன்' என்ற பட்டம் உடையவன். போரிலே பெயர் எடுத்தவன்.

போர்க்களத்தில் வாள் பிடித்த அந்த மன்னனுக்குத் தமிழ்மேல் ஆசை. எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி ஆகிய ஐந்தையும் எல்லோரும் எளிதில் அறியும்படி ஒரு நூல் செய்து தரவேண்டும் என்று அவன் பவணந்தி முனிவரை வேண்டினான். முனிவர் இசைந்தார். பொன்னும் பொருளும் துறவிக்கு எதற்கு? கேட்டவன் கேட்டது நல்ல காரியம். அது போதும் அவருக்கு.

நன்னூலில் நமக்குக் கிடைத்திருப்பவை எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமுமே. மற்ற மூன்றும் அழிந்து போயின என்பார் ஒரு சாரார். முனிவர் இரண்டோடு நிறுத்திக்கொண்டார் என்பார் மற்றொரு சாரார். எப்படியிருந்தாலும், கிடைத்த இரண்டே தமிழ்ப் பள்ளிகளைப் பல நூறு ஆண்டுகள் ஆண்டன!

கடலைக் குடத்தில் அடைத்தார்

தமிழில் அதற்கு முன் இலக்கணம் இல்லையா? இருந்தது. தொல்காப்பியம் என்ற மாபெரும் நூல் இருந்தது. ஏறக்குறைய 1,600 நூற்பாக்கள் கொண்டது. எழுத்துகள் வாயில் எங்கே, எப்படிப் பிறக்கின்றன என்று தொல்காப்பியரே ஓர் இயல் முழுவதும் சொல்லியிருக்கிறார். ஆனால் அது கடல். நீந்தத் தெரிந்த புலவர்களுக்கே உரியது. நூற்றாண்டுகள் செல்லச் செல்ல, மொழியும் மாறியது. பழைய விதிகள் சில வழக்கொழிந்தன. புதிய வழக்குகள் பல வந்தன.

பவணந்தியார் என்ன செய்தார்? கடல் நீரைக் குடத்தில் மொண்டு வந்து கொடுத்தார். பாயிரத்தையும் சேர்த்து 462 நூற்பாக்களில் முடித்தார். ஒவ்வொன்றும் சிறியது, மனப்பாடம் செய்ய ஏற்றது. திண்ணைப் பள்ளியில் மணலில் எழுதிப் பழகிய பிள்ளை, வளர்ந்து இலக்கணம் கற்க உட்கார்ந்தால் முதலில் கையில் எடுப்பது நன்னூலையே என்று ஆயிற்று.

காது ஏமாறும், நாக்கு ஏமாறாது

ல, ள, ழ என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளையின் காதில் மூன்றும் ஒன்றாகவே விழுகின்றன. ஆசிரியர் இன்னும் உரக்கச் சொல்கிறார், அப்போதும் அப்படியே. பிரம்பை எடுக்கிறார், பிள்ளை அழுகிறது, வேறுபாடு மட்டும் விளங்கவில்லை.

காது ஏமாறும் இடத்தில் அதையே நம்பிப் பயன் இல்லை. வாயைக் காட்டவேண்டும். இதுதான் பழந்தமிழ் இலக்கணத்தார் கண்ட வழி. பவணந்தியார் அதைச் சுருக்கி, வரிசைப்படுத்தி, பிள்ளைகள் கைக்கு எட்டும்படி வைத்தார்.

உள்ளிருந்து எழும் காற்று மார்பு, கழுத்து, தலை, மூக்கு ஆகிய இடங்களைப் பொருந்துகிறது. பிறகு உதடு, நாக்கு, பல், மேல்வாய் ஆகியவை அதை வேலை வாங்குகின்றன. அப்போதுதான் வேறுவேறு எழுத்துகள் பிறக்கின்றன. எழுத்தைப் பற்றிய முனிவரின் விளக்கம் இவ்வளவுதான். ஒரு தச்சன் உளியையும் இழைப்புளியையும் அடுக்கி வைப்பதுபோல், பேச்சுக்கு வேண்டிய கருவிகளை அவர் அடுக்கி வைத்துவிட்டார்.

வாசகர்கள் இப்போதே வாயில் செய்து பார்க்கலாம்.

நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொட்டால் 'த' வரும், 'ந' வரும். நாக்கின் நுனி மேல்வாயைத் தொட்டால் 'ட'வும் 'ண'வும் வரும். நாக்கின் நுனி மேல்வாயை நன்றாக அழுத்தினால் 'ற'வும் 'ன'வும் வரும். அழுத்தாமல் மெல்லத் தடவினால் 'ர'வும் 'ழ'வும் வரும்.

'ல'வுக்கும் 'ள'வுக்கும் அவர் காட்டும் வேறுபாடு இன்னும் நுட்பமானது. இரண்டுக்கும் நாக்கின் ஓரம் தடிக்கவேண்டும். தடித்த நாக்கு மேற்பல்லின் அடியில் ஒற்றினால் 'ல'. அதே நாக்கு மேல்வாயைத் தடவினால் 'ள'. பல்லின் அடியில் நின்றால் பல்லி. மேல்வாய்க்குப் போனால் பள்ளி!

இங்கே ஒன்று கவனிக்கவேண்டும். 'ர', 'ழ' இரண்டையும் முனிவர் ஒரே வரியில் சொல்லிவிடுகிறார். இரண்டிலும் நாக்கு மேல்வாயைத் தடவுகிறது என்பதோடு நிறுத்துகிறார். ஆனால் இரண்டும் ஒரே ஒலி அல்லவே? அதற்கும் அவர் வழி வைத்திருக்கிறார். பிறக்கும் இடம் ஒன்றாக இருந்தாலும், எடுத்தும் படுத்தும் நலிந்தும் சொல்லும் முயற்சியால் சிறுசிறு வேறுபாடுகள் உண்டாகும் என்று அடுத்து ஒரு விதி கூறுகிறார். அந்தச் சிறிய வேறுபாட்டைச் சொல்லிக் காட்ட வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கும் ஆசிரியர். நாக்கை உள்ளே வளைத்து 'ழ' என்று அவர் சொல்லிக் காட்டினால்தான் 'வாளப்பளம்' வாழைப்பழம் ஆகும். ஏட்டில் பாதி, வாயில் பாதி என்பதை அறிந்தவர் முனிவர்.

மூன்று 'ந'வும் மூன்று கூட்டாளிகளும்

பேசும்போது நாக்குக்கு இடம் தெரிந்துவிடுகிறது. எழுதும்போது? 'ந', 'ண', 'ன' மூன்றில் எதைப் போடுவது என்ற குழப்பம் படித்தவர்களுக்கும் வருவதுண்டு. அதற்கும் நன்னூலில் மருந்து இருக்கிறது.

ஒவ்வொரு மெல்லெழுத்துக்கும் ஒரு வல்லெழுத்து கூட்டாளி. இதை இனம் என்பார்கள். 'ண்' என்பதற்குக் கூட்டாளி 'ட'. ஆகவே வண்டி, நண்டு, கண்டேன். 'ந்' என்பதற்குக் கூட்டாளி 'த'. ஆகவே பந்து, சந்தை, வந்தேன். 'ன்' என்பதற்குக் கூட்டாளி 'ற'. ஆகவே கன்று, மூன்று, சென்றேன். இதனால்தான் ஆசிரியர்கள் டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று கூட்டாளியின் பெயரையும் சேர்த்தே இவற்றுக்குப் பெயர் சொல்வது வழக்கம். இவை ஒரே இடத்தில் பிறப்பவை. அதனால்தான் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்கின்றன. 'ட'வுக்கு மேல்வாய்க்குப் போன நாக்கு 'ண'வுக்கும் அங்கேயே நிற்கிறது. வாய்க்குத் தெரிந்ததைக் கைக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும்.

இன்னொரு விதி இதைவிட எளிது. தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவது 'ந' மட்டுமே. 'ண'வும் 'ன'வும் சொல்லின் முதலில் வருவதில்லை. நாய், நிலம், நெல், நூல், நோய் எல்லாம் 'ந'வில் தொடங்குபவை.

முனிவரின் பெயரையும் அவர் நூலின் பெயரையும் எழுதிப் பாருங்கள். பவணந்தி, நன்னூல். மூன்று எழுத்துகளும் அவற்றிலேயே வந்துவிடுகின்றன! 'நூல்' என்ற சொல் 'ந'வில்தானே தொடங்கும். 'நன்னூல்' என்பதில் 'னூ' ஏன் வந்தது என்று கேட்கலாம். 'நல்' என்பதோடு 'நூல்' சேரும்போது இரண்டும் மாறி 'நன்னூல்' ஆகும். அந்த மாற்றத்துக்கும் அந்த நூலிலேயே விதி இருக்கிறது. இந்த இரண்டு பெயர்களையும் பிழையில்லாமல் எழுதி, காரணமும் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மூன்று எழுத்தும் வசமாகிவிட்டன என்று கொள்ளலாம்.

அரபு நாட்டில் ஓர் அறிஞர்

இந்தத் தொல்லை தமிழுக்கு மட்டும் உரியதல்ல. அரபு மொழி கற்கும் நம் ஊர்ப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும். தமிழ்க் காதுக்கு 'ஸ' என்று ஒரே ஒலியாக விழும் இடத்தில் அரபியில் மூன்று எழுத்துகள் உண்டு. 'க' என்று நாம் கேட்பதில் இரண்டு. ஒன்று அடிநாக்குத் தொண்டைப் பக்கம் போய்த் தொடுவது. மற்றொன்று சற்று முன்னால் பிறப்பது. உள்ளே தள்ளிச் சொன்னால் 'கல்ப்' என்பதற்கு இதயம் என்று பொருள். முன்னால் கொண்டுவந்து சொன்னால் நாய் என்று பொருள்! ஆகவே குர்ஆன் ஓதக் கற்கும் பிள்ளைக்கு ஒவ்வோர் எழுத்தும் பிறக்கும் இடத்தை முதலில் பழக்குவார்கள். அந்த இடத்துக்கு 'மக்ரஜ்' என்று பெயர். பிழையின்றி ஓதும் அந்தக் கலைக்குத் 'தஜ்வீத்' என்று பெயர்.

8-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்தில் கலீல் இப்னு அஹ்மத் என்ற அறிஞர் வாழ்ந்தார். வறுமையில் வாழ்ந்தும் செல்வர் வாசலை நாடாதவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அரபு எழுத்துகளை வழக்கமான வரிசையில் வைக்காமல், வாயில் பிறக்கும் வரிசையில் அவர் அடுக்கினார். தொண்டையின் ஆழத்தில் தொடங்கி, நாக்கு, பல் என்று வந்து, உதட்டில் முடித்தார். தொண்டையில் பிறக்கும் 'ஐன்' என்ற எழுத்தை முதலில் வைத்ததால் அவருடைய அகராதிக்கும் 'ஐன் நூல்' என்றே பெயர் வந்தது. அவருடைய மாணவர் சீபவைஹி இலக்கணத்தில் அந்த வழியை மேலும் வளர்த்தார்.

பஸ்ரா எங்கே, கொங்கு நாடு எங்கே! மொழி வேறு, சமயம் வேறு, காலமும் வேறு. ஆயினும் காது குழம்பும் இடத்தில் வாயைக் காட்டு என்பதில் இரு நாட்டு ஆசிரியர்களும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். மனிதனுக்கு எங்கும் வாய் ஒன்றுதானே!

பருத்திக் குடுக்கையும் பசுமாடும்

நன்னூலின் முகப்பில் இருக்கும் பாயிரம், எழுத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஆசிரியரையும் மாணவரையும் பற்றிப் பேசுகிறது. கற்பிக்கத் தகாத ஆசிரியர் எப்படி இருப்பார்? பஞ்சு அடைத்த குடுக்கை போல இருப்பார் என்கிறது. அடைக்கும்போதும் சிறிது சிறிதாக அடைக்கவேண்டும். எடுக்கும்போதும் சிறிது சிறிதாகத்தான் வரும். பருத்தி விளையும் கொங்கு நாட்டாருக்கு இந்த உவமையை விளக்கவேண்டியதில்லை. தன் வேலிக்குள் நின்றுகொண்டு, காயை அடுத்த வேலிக்குள் உதிர்க்கும் வளைந்த தென்னையும் அப்படிப்பட்ட ஆசிரியருக்கு உவமை. நல்ல ஆசிரியருக்கு நிலமும் மலையும் தராசும் மலரும் உவமைகள்.

மாணவரிலும் வகை உண்டு. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை ஓரிடத்தில் படுத்து அசைபோடும் பசுவும் முதல் தரம். உழைத்த அளவுக்கே பலன் தரும் நிலமும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடைத்தரம். செடிக்குச் செடி தாவும் ஆடு, குளத்தைக் கலக்கிக் குடிக்கும் எருமை, நல்லதை விட்டுச் சக்கையைப் பிடிக்கும் வடிகட்டி, ஒழுகும் குடம் ஆகியவை கடைத்தரம்.

கல்வி எப்படி நிரம்பும் என்பதற்கும் அங்கே கணக்கு இருக்கிறது. ஆசிரியர் சொல்வதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிடைப்பது கால் பங்கே. உடன் படிப்பவரோடு கலந்து பேசினால் இன்னொரு கால். மீதி அரை? பிறருக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் அது வந்து சேர்கிறது! படித்த பிள்ளை படிக்காத பெற்றோருக்கு மாலை நேரத்தில் எழுத்துச் சொல்லிக் கொடுத்தால், இருவருமே லாபம் அடைவார்கள் என்பதே இதன் பொருள்.

சமயங்களைக் கடந்த நூல்

சமண முனிவர் எழுதிய நூலுக்கு முதலில் உரை கண்டவர் மயிலைநாதர். அவரும் சமணரே. பின்னர்ச் சைவரான சங்கர நமச்சிவாயர் விரிவான உரை செய்தார். 18-ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதைத் திருத்தி வளப்படுத்தினார். 19-ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் மாணவர்களுக்கு ஏற்றபடி காண்டிகையுரை தந்தார். கிறிஸ்தவப் பாதிரியாரான ஜி. யு. போப் நன்னூலைக் கற்றுத் தமிழ் இலக்கணத்தில் தேர்ந்தார். ஏட்டில் கிடந்த மயிலைநாதர் உரையை 1918-லும், சங்கர நமச்சிவாயர் உரையை 1925-லும் உ. வே. சாமிநாதையர் அச்சில் கொண்டுவந்தார்.

இத்தனை பேருக்கும் வழிபாடு வேறு வேறு. ஆனால் 'ழ' சொல்லும்போது எல்லோருடைய நாக்கும் ஒரே இடத்துக்குத்தான் போனது. அதனால் ஒரு சமணரின் நூலைத் தம் நூலாகவே எல்லோரும் போற்றினார்கள்.

தம் பிறந்த ஆண்டை முனிவர் எழுதி வைக்கவில்லை. தம் கதையைச் சொல்லவில்லை. அவருடைய ஊர் எது என்பதிலேயே இன்னும் வழக்கு நடக்கிறது. தம் இருப்பிடத்தைச் சொல்லாமல் போன அவர், தமிழில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள இருப்பிடத்தை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை 'கொல்லு' என்று எழுதினால் பிரம்பைத் தேடவேண்டாம். வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கை மேல்வாய்க்குக் கொண்டு போகச் சொன்னால் போதும். கொள்ளு தானாகவே வந்துவிடும்!